பட்டரியை எந்த போஸ்ட்டடியில வைக்கிறது? கிராஃப் தியரியை வைச்சு லைனைப் படிக்கப் புதுசா வாறவங்களுக்கு

திருகோணமலையில நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஒரு நீட்டு லைனின்ர கடைசியில இருக்கிற ஆக்களுக்கு இது நல்லாத் தெரியும், பகல் பன்னிரண்டு மணிக்கு கூரைச் சோலார் இன்வேட்டர் வோல்ட்டேஜ் கூடிப்போச்சு எண்டு தானா நிக்குது, பின்னேரம் ஆறரைக்குப் பிறகு அதே வீட்டில ஃபேன் இழுத்து இழுத்துச் சுத்துது. பட்டரி வைச்சாச் சரி எண்டு எல்லாரும் சொல்லுறாங்க, ஆனா எங்க வைக்கிறது, எவ்வளவு பெருசு எண்டு கேட்டா ஆளுக்கொரு கதை. 2025 சித்திரை வருசப்பிறப்பு லீவுக்குள்ள பகல்ல கூரைச் சோலாரை நிப்பாட்டி வையுங்க எண்டு கேக்கிற அளவுக்கு நாட்டில நிலைமை வந்தது, அதால இது இனிப் புத்தகத்துக்குள்ள கிடக்கிற பாடம் இல்ல. லைனைப் புள்ளியும் கோடுமா வரைஞ்சு கணக்குப் போடுற முறைதான் கிராஃப் தியரி, அதை வைச்சு இந்தக் கேள்விக்கு விடை தேடலாம்.

இதைப் படிக்கப் போனா ஒண்டில் எல்லாமே கணக்குத் தேற்றமா இருக்கு, இல்லாட்டி பட்டரி விக்கிறவங்கட விளம்பரமா இருக்கு. நடுவில ஒண்டும் இல்ல. நான் ஒவ்வொண்டாத் தேடித் தேடி அலைஞ்சு பொறுக்கின ஒழுங்கைக் கீழ எழுதுறன், கம்பஸ் புரொஜெக்ட் செய்யிற தம்பி தங்கச்சிமாருக்கும், ஹோட்டல் மெயின்டனன்ஸில இருக்கிறவங்களுக்கும், சோலார் பூட்டுற பொடியன்மாருக்கும் உதவும்.

1. என்ன பிரச்சினை எண்டு ஒரே வரியில எழுதுங்க

வோல்ட்டேஜ் கூடுறதா, பின்னேரம் குறையிறதா, கம்பியில வீணாப்போற கரண்டா, பில்லா, அல்லது லைன் போனா ஐஸ் ஃபக்டரி நிக்காம இருக்கிறதா? ஒண்டை மட்டும் எடுங்க. ஒவ்வொண்டுக்கும் பட்டரி நிக்கவேண்டிய இடம் வேற, பாக்கவேண்டிய கிராஃப் கணக்கும் வேற. பில்தான் பிரச்சினை எண்டா பட்டரி உங்கட மீற்றருக்கு உள்பக்கம் இருந்தாப் போதும், லைனைக் கிராஃபாப் போடத் தேவையே இல்ல, நேரா 7ஆம் 8ஆம் படிக்குப் போங்க.

சம்பூர் சோலார் மாதிரி பெரிய திட்டங்களோட இதைக் குழப்பவேணாம். அதின்ர முதல் கட்டமே 50 மெகாவாட், அது உயர் அழுத்த வலையமைப்போட சேருறது, அங்க லைன்கள் ஒண்டோடொண்டு வளையமாப் பின்னிக் கிடக்கும். நாங்க பாக்கிறது ட்ரான்ஸ்போமருக்குக் கீழ இருக்கிற 400 வோல்ட் லைன், கூடிப்போனா 11 அல்லது 33 கிலோவோல்ட் ஃபீடர், அதாவது ஊருக்குக் கரண்ட் கொண்டுவாற லைன். இது கிளை விட்டுப் போற மரம் மாதிரியான அமைப்பு, இதில கணக்கு நிறைய லேசு.

2. பேப்பர் சேர்க்கிறது (இதுக்குத்தான் நேரம் போகும்)

வேணும் எண்டுற பேப்பர் இவ்வளவும்:

- ஃபீடரின்ர சிங்கிள் லைன் டயகிராம் (முழு லைனையும் ஒத்தைக் கோட்டில காட்டுற படம்). எந்த ஸ்விட்ச் வழமையாத் திறந்திருக்கு, எது மூடியிருக்கு எண்டு அதில குறிச்சிருக்கோணும்.
- ட்ரான்ஸ்போமர் அளவு (100, 160, 250 கேவிஏ எண்டு அதின்ர தகட்டிலயே இருக்கும்), டப் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிற படி) எந்த இடத்தில நிக்குது எண்டதும்.
- கம்பி வகை. ஏபிசி கேபிளா (உறை போட்டு ஒண்டா முறுக்கின கேபிள்), திறந்த அலுமினியக் கம்பியா, திறந்த கம்பி எண்டா ஃப்ளையா வொஸ்ப்பா. 33 கிலோவோல்ட் எண்டா ரக்கூனா லிங்ஸா. இதெல்லாம் கம்பி அளவுகளின்ர பேர்.
- போஸ்ட்டுக்குப் போஸ்ட் தூரம், எந்த வீடு எந்தப் பேஸில (மூண்டு கரண்ட் கம்பியில எதில) இருக்கு எண்ட விபரம்.
- குறைஞ்சது ஒரு வருச கரண்ட் பில்.

இந்தக் கடைசி ரெண்டையும் ஆரும் தரமாட்டாங்க, நடந்துதான் எடுக்கோணும். நடக்க முதல் கிராம அலுவலரிட்ட ஒரு கடிதம் எடுத்துக் கையில வையுங்க, திருகோணமலையில நேவி, எயார்ஃபோர்ஸ், துறைமுகம் எண்டு எல்லா இடமும் காம்ப், போஸ்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு நிண்டா ஆரும் வந்து விசாரிக்கத்தான் செய்வாங்க, அது அவங்கட வேலை. டாக்யார்ட் பக்கமும் சீனன்குடா பக்கமும் படம் எடுக்கவே வேணாம், தூரத்தை மட்டும் அளந்து எழுதுங்க. ட்ரோன் விடுறதெண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ர அனுமதி வேணும், அனுமதி இல்லாம ஏத்தவேண்டாம்.

டயகிராமும் ட்ரான்ஸ்போமர் விபரமும் கேட்டுப்போனா, இண்டைக்கு வாங்க நாளைக்கு வாங்க எண்டு இழுபடுற இடங்கள் இருக்கு. முதல்ல கம்பஸ் அல்லது கம்பனி லெட்டர்ஹெட்டில எழுத்துமூலம் கேளுங்க, ஒரு கொப்பியில சீல் குத்தி வாங்குங்க. அதுக்கும் அசையாட்டி 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ விண்ணப்பம் போடுங்க. விண்ணப்பத்துக்குக் காசு இல்ல, தமிழிலயே எழுதலாம், 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். கேக்கிறதைத் துல்லியமாக் கேளுங்க. "நிலாவெளி லைன் விபரம் தாங்க" எண்டு கேட்டா ஒண்டும் வராது. ட்ரான்ஸ்போமர் இலக்கத்தைப் போட்டு, அதின்ர கொள்ளளவு, அதில இருந்து வெளிக்கிடுற ஃபீடர் எத்தின, ஒவ்வொண்டின்ரயும் கம்பி வகை எண்டு கேளுங்க. வாடிக்கையாளர் பேர், கணக்கிலக்கம் கேக்கவேணாம், அது தனிப்பட்ட விபரம் எண்டு முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிட வழியாப்போகும்.

பருவத்தை மறக்காதீங்க. எங்கட பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் கச்சான் காத்து அடிக்கும், வெயில் கொளுத்தும், வெள்ளைக்காரர் வாற சீசனும் அதுதான், ஹோட்டல் ஏசி எல்லாம் ஓடும். மழைக்காலத்தில, அதுவும் கார்த்திகை மார்கழியில, சோலார் படுத்திடும், ஹோட்டலும் காலி. ஒரு பருவத்தில மட்டும் அளந்திட்டு வருசம் முழுக்கக் கணக்குப் போட்டா அந்தக் கணக்குக்குப் பெறுமதி இல்ல. ரெண்டு பருவத்திலயும் குறைஞ்சது ரெண்டு கிழமை, 15 நிமிசத்துக்கு ஒருக்கா வோல்ட்டேஜும் லோடும் பதியுங்க. லொகர் (தானா அளந்து பதியிற கருவி) வாடகைக்கு எடுக்கிறதெண்டா முதல்ல லைனின்ர கடைசி வீட்டில பூட்டுங்க, பிறகு ட்ரான்ஸ்போமருக்குக் கிட்ட. நடு வீடுகளை விட்டாலும் பரவாயில்ல.

3. சொஃப்ட்வெயர், செலவு பூச்சியம்

பைதன் எண்ட ப்ரோக்ராம் மொழி, அதுக்குள்ள கிராஃப் கணக்குக்கு நெட்வொர்க்எக்ஸ், கரண்ட் லைன் கணக்குக்குப் பாண்டாபவர். மூண்டும் இலவசம். லப்டொப் பழசெண்டா கூகுள் கொலாப்பில ஓட்டலாம், ஃபோன் டேட்டா இருந்தாக் காணும். பேஸுக்குப் பேஸ் லோட் வித்தியாசப்படுற லைனுக்கு ஓப்பன் டிஎஸ்எஸ் நல்லது, அதுவும் இலவசம். காசு குடுத்து வாங்கிற பெரிய சொஃப்ட்வெயரைக் களவாப் போட்டு ரிப்போர்ட் எழுதிக் குடுக்காதீங்க, பிறகு அந்த ரிப்போர்ட்டைக் கொண்டு அனுமதிக்குப் போகேலாது.

4. லைனைக் கிராஃபா மாத்துறது

போஸ்ட், ட்ரான்ஸ்போமர், பெரிய பாவனையாளர் எல்லாம் நோட். ரெண்டு நோட்டுக்கு நடுவில இருக்கிற கம்பி எட்ஜ். அந்த எட்ஜுக்கு ஒரு வெயிட், அதாவது ஒரு எண், குடுக்கோணும், புதுசா வாறவங்களில அரைவாசிப் பேர் சறுக்கிற இடம் இதுதான்.

வெயிட்டுக்குத் தூரத்தைப் போடாதீங்க, கம்பியின்ர தடையைப் போடுங்க, ஏனெண்டா ஒரே 200 மீற்றர் மெல்லிசுக் கம்பியில போனா ஒரு கதை, தடிச்ச கேபிளில போனா வேற கதை. 70 சதுர மில்லிமீற்றர் அலுமினிய ஏபிசி கேபிளுக்கு கிலோமீற்றருக்கு 0.443 ஓம், இது 20 பாகையில. வெயிலில காயிற கம்பிக்கு இன்னும் கூடும், அதால பத்துப் பதினைஞ்சு வீதம் கூட்டிப்போட்டும் ஒருக்கா ஓட்டிப்பாருங்க. பாண்டாபவர் தானா கிராஃப் செஞ்சு தரும், ஆனா சும்மா விட்டா அது நீளத்தைத்தான் வெயிட்டா எடுக்கும், தடையைக் கணக்கிடச் சொல்லி நீங்கதான் அந்த ஒப்ஷனைப் போடோணும். மாதிரி வலையமைப்புகளில நீளம் எல்லாமே 1 எண்டு கிடக்கிறதும் உண்டு, அப்ப எல்லா எட்ஜும் ஒரே வெயிட்டில நிண்டு விடை முழுக்கப் பிழைக்கும், ப்ரோக்ராம் ஒரு எச்சரிக்கையும் காட்டாது.

திறந்த ஸ்விட்ச் கிராஃபில எட்ஜா வரக்கூடாது. கட்டி முடிச்சவுடன ஒரு சோதனை செய்யுங்க: மரம் எண்டா எட்ஜ் எண்ணிக்கை நோட் எண்ணிக்கையிலயும் பாக்க ஒண்டு குறைவா இருக்கோணும். கூட வந்தா எங்கயோ திறந்த ஸ்விட்சை மூடி வைச்சிருக்கிறீங்க, குறைய வந்தா ஒரு துண்டு கழண்டு கிடக்கு.

5. முதல்ல மாதிரி லைனில பழகுங்க

உங்கட சொந்த லைனை உடன தொடாதீங்க. ஐட்ரிபிள்ஈ 33 பஸ் எண்டு ஒரு மாதிரி ஃபீடர் உலகம் முழுக்கப் பாவிக்கிறாங்க, பாண்டாபவருக்குள்ளயே இருக்கு. பஸ் எண்டா இங்க நோட்தான். 12.66 கிலோவோல்ட், மொத்த லோட் 3,715 கிலோவாட். ஒண்டும் மாத்தாம ஓட்டினா கம்பி நட்டம் கிட்டத்தட்ட 203 கிலோவாட், ஆகக்குறைஞ்ச வோல்ட்டேஜ் 18ஆம் பஸ்ஸில 0.913 (வழமையான வோல்ட்டேஜில 91.3 வீதம்) எண்டு வரோணும். உங்களுக்கு வேற வந்தா எங்கயோ பிழை, அங்கயே நிண்டு தேடுங்க. பைதன் பூச்சியத்தில இருந்து எண்ணும், அதால 18ஆம் பஸ் அதில 17 எண்டு வரும், இது தெரியாம மணித்தியாலக் கணக்கா மண்டையைப் பிய்க்கிறவங்க இருக்கிறாங்க.

இப்ப பட்டரியைத் தொடாம அதே ஃபீடரில ஸ்விட்சுகளை மட்டும் மாத்திப் பாருங்க. 7, 9, 14, 32, 37 ஆம் லைன்களைத் திறந்து மிச்சத்தை மூடினா நட்டம் ஏறக்குறைய 140 கிலோவாட்டுக்கு இறங்கும். மூண்டில ஒரு பங்குக்குக் கிட்டக் குறையுது, ஒரு சதத்துக்கும் பட்டரி வாங்கேல்ல! ஒரே வலையமைப்பில இருந்து வெட்டி எடுக்கக்கூடிய மரங்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல இருக்கு, அதில நல்ல மரத்தைத் தேடுறதுதான் கிராஃப் தியரியின்ர முதல் பயன். அதால எந்த இடத்திலயும் பட்டரிக் கதை எடுக்க முதல் ஸ்விட்ச் மாத்தி, லோடைப் பேஸ் மூண்டுக்கும் பிரிச்சு, ட்ரான்ஸ்போமர் டப்பைச் சரி செஞ்சு பாத்தாச்சா எண்டு கேளுங்க. ஸ்விட்ச், டப் எல்லாம் லைன் சொந்தக்காரர்தான் செய்யலாம், நீங்க கணக்கைக் காட்டிக் கேக்கலாம், போஸ்ட்டில ஏறக்கூடாது.

6. இடம் தேடுறது

நிறையப் பேர் கிராஃப் தியரி எண்டவுடன பிட்வீன்னஸ் கணக்குப் போடுவாங்க, அதாவது எந்த நோட்டுக்குள்ளால கனக்கப் பாதை போகுது எண்டு பாக்கிறது. மர அமைப்பில அது எப்பவும் உங்களை நடுவுக்கும் பெரிய கிளை பிரியிற சந்திக்கும்தான் இழுத்துக்கொண்டு போகும். லைன் பழுதானா எந்தச் சந்தி போனாக் கனபேர் இருட்டில இருப்பாங்க எண்டு பாக்க அது நல்லது. வோல்ட்டேஜுக்கு அது பிழையான ஆயுதம். அதேபோல ஆகக்குறுகின பாதை எண்டு தேடுறதும் வேலைக்காகாது, வளையம் இருக்கிற வலையமைப்பில கரண்ட் ஒரு பாதையைத் தெரிவு செஞ்சு போறேல்ல, எல்லாப் பாதையிலயும் தடைக்கேத்த மாதிரிப் பிரிஞ்சு போகும்.

மர லைனில வோல்ட்டேஜுக்கு வேண்டியது ஒண்டே ஒண்டு: ட்ரான்ஸ்போமரில இருந்து ரெண்டு நோட்டுக்கும் போற பாதையில பொதுவா இருக்கிற துண்டின்ர தடை. இதைக் கடதாசியிலயே போடலாம்.

ட்ரான்ஸ்போமரில இருந்து 'அ' எண்ட போஸ்ட் 200 மீற்றர், அங்க இருந்து 'ஆ' 150 மீற்றர், அங்கால 'இ' 250 மீற்றர். 'அ'வில இருந்து இன்னொரு கிளை 300 மீற்றர் போய் 'ஈ'. எல்லாம் அந்த 70 ஏபிசி கேபிள். அப்ப 'அ' வரைக்கும் தடை 0.089 ஓம், 'ஆ' வரைக்கும் 0.155, 'இ' வரைக்கும் 0.266.

'இ'யில ஒரு மூண்டு பேஸ் பட்டரி 10 கிலோவாட் உறிஞ்சுது எண்டு வைங்க. 230 வோல்ட்டில அது பேஸுக்கு 14.5 ஆம்பியர், அதைத் தடையால பெருக்கினா 'இ'யில பேஸ் வோல்ட்டேஜ் ஏறக்குறைய 3.9 வோல்ட் இறங்கும், 'ஆ'வில 2.2, 'அ'வில 1.3. 'ஈ'யிலயும் 1.3தான், ஏனெண்டா 'இ'க்கும் 'ஈ'க்கும் பொதுவான பாதை 'அ' வரைக்கும் மட்டும்தான். இப்ப 'இ' வீட்டில பகல்ல 250 வோல்ட் ஏறுது, ஆறு வீத எல்லை எண்டா 244க்குள்ள கொண்டுவரோணும், 6 வோல்ட் இறக்கோணும். பட்டரியை 'இ'யில வைச்சா 16 கிலோவாட் போதும். இடம் வசதி, பாதுகாப்பு எண்டு சொல்லி ட்ரான்ஸ்போமருக்குக் கிட்ட 'அ'வில வைச்சா 47 கிலோவாட் வேணும். அதே பிரச்சினை, அதே லைன், மூண்டு மடங்குப் பட்டரி. இந்த ஒரு கணக்கைச் செய்யாமத்தான் லட்சக்கணக்கில காசு போகுது, அதைப் பாக்கேக்க மனசு கேக்காமத்தான் இவ்வளவையும் இருந்து எழுதுறன்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்டு, மேல சொன்னது மூண்டு பேஸுக்கும் சமமாப் பிரிச்ச கணக்கு. அதே 10 கிலோவாட்டை ஒரு பேஸில மட்டும் போட்டா, நியூட்ரல் கம்பியும் அதே தடிப்பு எண்டா, அந்தப் பேஸில பாதிப்பு 6 மடங்கு. சின்ன வீட்டுப் பட்டரிகள் எல்லாம் சிங்கிள் பேஸ்தான், அதால எந்தப் பேஸ் எண்டு தெரியாமக் கணக்கு முடிக்காதீங்க. ரெண்டு, 33 கிலோவோல்ட் ஃபீடரில தடை மட்டும் பத்தாது, ரியாக்டன்ஸும் (ஏசி கரண்டுக்குக் கம்பி காட்டுற மற்ற எதிர்ப்பு) சேரோணும்.

பிறகு பாண்டாபவரில பட்டரியைப் போட்டு உறுதிப்படுத்துங்க. அதில பட்டரிக்கு நேர் எண் குடுத்தா சார்ஜ் ஆகுது எண்டு அர்த்தம், கரண்ட் வெளிய குடுக்கிறது மறை எண். மாத்திப் போட்டா வோல்ட்டேஜ் இறங்கவேண்டிய இடத்தில ஏறும்.

7. அளவும் காசும்

கிலோவாட் வேற, யூனிட் (கிலோவாட் மணித்தியாலம்) வேற. 16 கிலோவாட் உறிஞ்சோணும் எண்டு வந்தா எத்தின மணித்தியாலத்துக்கு எண்டும் கேளுங்க. லொகர் பதிவில 244க்கு மேல நிண்ட நேரத்தைக் கூட்டிப் பாத்தா அது தெரியும். மத்தியானம் சரியா ரெண்டு மணித்தியாலம் எண்டா 32 யூனிட், நாலு எண்டா 64.

கொட்டேஷன் மூண்டு இடத்தில எடுங்க, மொத்த விலையை ஒப்பிடாதீங்க, ஒரு யூனிட் சேமிச்சு எடுக்க எவ்வளவு எண்டு பாருங்க. உதாரணத்துக்கு 51.2 வோல்ட் 100 ஆம்பியர் மணி லிதியம் அயன் பொஸ்பேட் பட்டரி ஒண்டு, 5.12 யூனிட், நாலு லட்சம் சொல்லுறாங்க எண்டு வைப்பம். எண்பது வீதம் பாவிச்சா 4.1 யூனிட். 6,000 சைக்கிள் (ஒருக்கா நிரப்பி ஒருக்கா எடுத்தா ஒரு சைக்கிள்) எண்டு விளம்பரத்தில போட்டிருக்கு, அதால வகுத்தா யூனிட்டுக்கு 16 ரூபா சொச்சம், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு ஒரு சைக்கிள் எண்டா 6,000 சைக்கிளுக்கு 16 வருசத்துக்கு மேல வேணும், வாறண்டி 10 வருசம் எண்டா நம்பக்கூடியது 3,650 சைக்கிள், அப்ப யூனிட் 27 ரூபாவுக்குக் கிட்ட. இதுக்கு மேல இன்வேட்டர், வயரிங், பிரேக்கர், சார்ஜ் ஆகி வெளிய வரேக்க நடக்கிற நட்டம் எல்லாம் வரும். கடற்கரைக்குக் கிட்டவெண்டா உப்புக்காத்துக்குத் தாங்கிற பெட்டி, நிழல், காத்தோட்டம் கட்டாயம். தகரக் கொட்டிலுக்குள்ள கச்சான் காலத்தில வைச்ச பட்டரி சொன்ன வருசம் வராது.

42 கேவிஏக்கு மேல எடுக்கிற ஹோட்டல் எண்டா உச்சக் கேள்விக்கும் (ஒரே நேரத்தில ஆகக்கூட இழுக்கிற அளவுக்கும்) தனிக் கட்டணம் வரும், பட்டரி அந்த உச்சியை வெட்டினா லாபம் அங்கதான் கூட, யூனிட் வித்தியாசத்தில இல்ல.

8. எப்ப நிரப்புறது, எப்ப எடுக்கிறது

இதையும் கிராஃபாப் போடலாம், எனக்கு ஆகப் பிடிச்ச பகுதி இதுதான். நாளை 24 நோட்டாப் பிரியுங்க, மணிக்கு ஒண்டு. ஒரு மணியில இருந்து அடுத்த மணிக்குப் போற எட்ஜ்தான் பட்டரிக்குள்ள கிடக்கிற கரண்ட், அந்த எட்ஜின்ர கொள்ளளவு பட்டரியின்ர அளவு. வெளியில இருந்து வாங்கிற எட்ஜுக்கு அந்த நேர விலை: நேரத்துக்கேத்த கட்டணத்தில பகல் 5.30 தொடக்கம் 18.30, உச்சம் 18.30 தொடக்கம் 22.30, மிச்சம் ராக்கட்டணம். அரை மணியில விலை மாறுறதால அரை மணிக்கு ஒரு நோட் எண்டு 48 வைக்கிறது இன்னும் சரி. பிறகு ஆகக்குறைஞ்ச செலவில ஓட்டத்தைத் தேடச் சொல்லுங்க.

நெட்வொர்க்எக்ஸில இதுக்குத் தசம எண் குடுக்காதீங்க, முழு எண்ணுக்குத்தான் விடை உத்தரவாதம். கிலோவாட்டை வாட்டாவும் ரூபாவைச் சதமாவும் மாத்திப் போடுங்க. இன்னொண்டு, சாதாரண ஓட்டக் கணக்கில எட்ஜுக்குள்ள போனது அப்படியே வெளிய வரும், பட்டரி அப்படி இல்ல, பத்துப் போட்டா ஒன்பதுதான் வரும். அந்த நட்டம் சரியா வேணும் எண்டா நேரியல் திட்டமிடலுக்கு (லீனியர் புரோகிராமிங்) மாறுங்க, பைதனின்ர சைபையில இருக்கு, அதுவும் இலவசம்.

9. அனுமதியும் நாளும்

ஏற்கனவே கூரைச் சோலார் இணைப்பு இருக்கிற இடத்தில பட்டரி சேர்க்கிறதெண்டா, பட்டரிக்கு அட்வான்ஸ் குடுக்க முதல் மின்சாரம் வழங்கிறவங்களிட்ட எழுத்துமூலம் கேளுங்க. உங்கட ஒப்பந்தம் நெட் மீற்றரிங்கா, நெட் எக்கவுண்டிங்கா, நெட் பிளஸ்ஸா (சோலார் கரண்டுக்குக் கணக்குத் தீர்க்கிற முறைகள்) எண்டு எடுத்துப் பாருங்க, பட்டரியில இருந்து கிரிட்டுக்குத் திருப்பிக் குடுக்கலாமா இல்லையா எண்டது அதில தங்கியிருக்கு. வாய்ப்பேச்சை நம்பவேணாம். விண்ணப்பத்தோட சிங்கிள் லைன் டயகிராம், இன்வேட்டர் டேட்டா ஷீட், கரண்ட் போனா இன்வேட்டர் தானா லைனை விட்டுக் கழரும் எண்டதுக்கான சான்றிதழ், மேல போட்ட வோல்ட்டேஜ் கணக்கு ரெண்டு பக்கத்தில, இவ்வளவையும் வைங்க. அந்த வோல்ட்டேஜ் எல்லை எத்தின வீதம் எண்டதையும் அவங்களிட்டயே எழுதி வாங்கி உங்கட ரிப்போர்ட்டில போடுங்க. 2024ஆம் ஆண்டு 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு நிறுவனங்கள் பிரிஞ்சு மாறுற காலம், அதால கடிதம் ஆர் பேருக்கு எண்டு போன் எடுத்துக் கேட்டிட்டு அனுப்புங்க.

நாள் கணக்கைப் பின்னால இருந்து போடுங்க. ஹோட்டல் சீசனுக்கு முதல், சித்திரைக்குள்ள பட்டரி ஓடோணும் எண்டா, முந்தின வருச ஆடி ஆவணியிலயே வெயில்கால அளவு எடுத்து முடிச்சிருக்கோணும், கார்த்திகை மார்கழியில மழைக்கால அளவு, தையில கணக்கும் கொட்டேஷனும், மாசி தொடக்கத்தில விண்ணப்பம். தகவலறியும் விண்ணப்பத்தை ஆடியில லொகர் பூட்டுற அண்டைக்கே போட்டிடுங்க, ரெண்டும் ஒண்டா நடக்கட்டும்.